வத்தக்குழம்பும் எழுபத்தொரு சதவீதமும்

வேதவல்லி மாமியின் வத்தக்குழம்பு எழுபத்தொரு சதவீதம் பேருக்குப் பிடிக்கவில்லை என்பது 2011 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தெரியவந்தது. திங்கட்கிழமை இரவுவரை அது எல்லோருக்கும் பிடித்திருந்தது.

செய்தி வந்தபோது நான் மூன்றாவது இட்லியில் இருந்தேன். ஹப்சிகுடா எட்டாம் நம்பர் தெருவில், வேப்பமரம் கேட்டை இடித்துக்கொண்டு நிற்கும் வீட்டின் கீழ்த்தளம்தான் மெஸ். பெயர்ப்பலகை கிடையாது. காலையில் டிபன், ராத்திரி சாப்பாடு, விடுமுறை நாட்களில் மதியமும் உண்டு. சாப்பிட வருகிற நாற்பது பேரும் தமிழ்நாட்டிலிருந்து கிளம்பி வந்தவர்கள். முக்கால்வாசிப் பேர் உப்பலிலும் போச்சாரத்திலும் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் கணினி முன்னால் உட்காருகிறவர்கள். உஸ்மானியாவில் படிக்கிறோம் என்று வீட்டில் சொல்லியிருந்த என்னைப் போன்றவர்கள் நாலைந்து பேர்.

பரிமாறுவது சந்தானம் மாமா. குஷாய்குடா பக்கத்துப் பொதுத்துறை எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் அவருக்கு வேலை. வெளியிலிருந்து வரும் உதிரிப் பாகங்களைச் சோதித்து, நல்ல சரக்கென்றால் பெட்டிமேல் பச்சை ஸ்டிக்கரும் மோசமென்றால் சிவப்பு ஸ்டிக்கரும் ஒட்டும் பிரிவு. அந்தப் பழக்கத்தில் கத்தரிக்காய்க்காரனிடம்கூட அவர் பேரம் பேசமாட்டார். கூடையைக் கிளறி நாலு காயை எடுத்துப் பார்த்துவிட்டு, "ரிஜெக்டட்" என்பார். கத்தரிக்காய்க்காரன் அதைக் கத்தரிக்காய்க்குத் தமிழ்ப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

மாமி கூடத்துக்கு வருவதில்லை. வரக்கூடாதென்று சட்டம் ஒன்றுமில்லை, அடுப்பு விடாது. ஆனால் கை கழுவும் குழாய் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. கழுவிவிட்டு நிமிர்ந்தால் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் மாமியின் முகம், வேர்த்து, புகையில் கண் சுருங்கி. அந்த முகத்தைப் பார்த்து யாருக்கு என்ன சொல்ல வரும்? "நல்லா இருந்தது மாமி" என்போம். நாற்பது பேரும் தினமும் வரிசையாக அந்த ஜன்னலுக்குள் அதைச் சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவோம். டோல்கேட்டில் சில்லறை கொடுப்பதுபோல அது பழகிப்போயிருந்தது.

பொய்யும் இல்லை. முதல் வருஷம் நான் விடுதிச் சாப்பாட்டில் இருந்தவன். அங்கே பருப்பும் சாம்பாரும் ஒரே பாத்திரத்திலிருந்துதான் வரும், கரண்டி மட்டும் வேறு. பிறகு ஒரு மழைநாளில் யாரோ இங்கே கூட்டிவந்தார்கள். மாமா தட்டில் ரசத்தை ஊற்றினார். மாமி வீட்டில் அதற்குச் சாத்தமுது என்று பெயர். ஒரு வாய் குடித்ததும் ஊரிலிருந்து இங்கே வந்துசேர்ந்துவிட்டேன் என்று முதன்முதலாகத் தோன்றியது. அதற்கு முன்னால் எட்டு மாதம் ரயிலிலேயே இருந்திருக்கிறேன் போல.

அன்றைக்குக் காலையில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கியவன் சந்தீப், அவர்கள் மகன். மௌலா அலி குவார்ட்டர்ஸில் பிறந்து இங்கேயே படித்தவன். தமிழில் திட்டினால் ஒரு வார்த்தை விடாமல் புரியும்; பதிலில் மட்டும் தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ் மூன்றில் எது முதலில் வாய்க்கு வருகிறதோ அது கலந்து வரும். கட்கேசர் பக்கம் எம்.பி.ஏ. படித்தான். சமூக வலைத்தளத்தின் வழியாக வாடிக்கையாளர் மனதை அறிவது எப்படி என்பது அவனுடைய ப்ராஜெக்ட். அதற்காக அம்மாவின் மெஸ்ஸுக்கு ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் ஆரம்பித்திருந்தான்.

"அப்பா, இதி சூடு," இதைப் பார் என்று திரையைத் திருப்பினான். வட்டமாக ஒரு படம். பெரும்பகுதி சிவப்பு, ஒரு துண்டு மட்டும் பச்சை.

மாமா சட்னிக் கரண்டியோடு குனிந்தார். சிவப்பைப் பார்த்ததும் முகம் மாறியது. சிவப்புக்கு அவர் வாழ்க்கையில் ஒரே அர்த்தம்தான்.

"என்னடா இது?"

"கஸ்டமர் ஃபீட்பேக். செவன்டி ஒன் பர்சென்ட் நெகட்டிவ். வத்தக்குழம்பு பழசு, மெனு போர், கோபி மஞ்சூரியன் போடு, நூடுல்ஸ் போடு. ஒருத்தர் சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ்கூட கேட்டிருக்கார்."

உள்ளே கடுகு வெடிக்கும் சத்தம் நின்றது. ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "என்னடா சொல்றே? நேத்திக்கு ராத்திரிகூட அத்தனை பேரும் நன்னா இருந்துதுன்னு சொல்லிட்டுப் போனாளே!"

"அம்மா, அது மரியாதை. இது டேட்டா."

"மரியாதைக்குச் சொல்றவா எதுக்கு மூணு தரம் சாதம் கேக்கறா?"

"டேட்டா ஜூட் நை போல்தா மா," என்றான் சந்தீப் தரையைப் பார்த்துக்கொண்டு. டேட்டா பொய் சொல்லாதாம். அவன் சந்தோஷமாகச் சொல்லவில்லை. பக்கத்துத் தெருவில் புதிதாக ஒரு துரித உணவுக் கடை திறந்திருந்தது. அம்மாவின் மெஸ் அதில் அடிபட்டுவிடக்கூடாது என்று அவனுக்கு நிஜமாகவே பயம்.

மாமா கரண்டியை வைத்தார். "வேதா, நம்பர் வந்துடுத்து. இனிமே பேச்சில்லை."

நான் நாலாவது இட்லி கேட்க நினைத்து, எழுபத்தொன்றில் ஒருவன் மரியாதைக்குக் கேட்கிறான் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று பயந்து, கேட்காமல் கை கழுவப் போனேன். "நல்லா இருந்தது மாமி" என்றேன். அன்றைக்கு முதல் தடவையாக மாமி என்னைச் சந்தேகத்தோடு பார்த்தாள்.

அடுத்த திங்கட்கிழமை வத்தக்குழம்பு நின்றது. கூடவே மோர்க்குழம்பும் புளியோதரையும் நின்றன. மாமா மோண்டா மார்க்கெட் போய்ச் சாக்கில் காலிஃப்ளவரும், பாட்டிலில் கறுப்பாக ஒரு சோயா சாஸும் வாங்கிவந்தார். மாமி பாட்டிலைத் திறந்து முகர்ந்துவிட்டு, "இது கெட்டுப்போயிருக்கு, திருப்பிக் குடுத்துட்டு வாங்கோ," என்றாள். அதன் வாசனையே அதுதான் என்று சந்தீப் விளக்கவேண்டியிருந்தது.

அந்த வாரம் மாமி பட்ட பாடு கொஞ்சமில்லை. அந்தத் தளிகை உள்ளில், அதாவது சமையலறையில், அதுவரை பூண்டு நுழைந்ததில்லை. மாமி மூக்கைச் சுற்றி ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, பின்கட்டில் முறத்தை மடியில் வைத்து, ஒரு படி பூண்டை ஒவ்வொரு பல்லாக உரித்தாள். நகக்கண் எரிந்தது. காலிஃப்ளவரை வெந்நீரில் போட்டுப் புழு பார்த்து, சோளமாவில் புரட்டி, வாணலியில் பொரித்தால் ஒரு ஈடு வெளிவருவதற்குள் முந்தின ஈடு நமுத்துப்போகும். நாற்பது பேருக்குப் பொரித்து முடிப்பதற்குள் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் இரண்டு மணி நேரம். நூடுல்ஸ் கொஞ்சம் நேரமானால் ஒரே பந்தாகிவிடும். அதைப் பிரிக்க மாமிக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், சேவைக்குச் செய்வதைச் செய்தாள். நல்லெண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை. மேலே சோயா சாஸ். சீனாவும் ஸ்ரீரங்கமும் அதற்கு முன்னால் அவ்வளவு நெருக்கத்தில் சந்தித்ததில்லை.

நாங்கள் சாப்பிட்டோம். பேசாமல் சாப்பிட்டோம். என் இடது பக்கம் பழனிசாமி, ஈரோட்டுப் பக்கத்து ஆள். எதைச் சாப்பிட்டாலும் கடைசியில் தயிர்சாதம் இல்லாமல் எழுந்திருக்கமாட்டான். வலது பக்கம் ஆண்டனி, தூத்துக்குடி. ஊரில் மீன் இல்லாத நாள் வெள்ளிக்கிழமை மட்டும். இங்கே வாரம் முழுக்க வெள்ளிக்கிழமை என்று சொல்லிச் சிரிப்பான்.

"என்னடா பழனி, கேட்டது கெடச்சாச்சுல்லா? தின்னு," என்றான் ஆண்டனி.

"நான் கேட்டனா? எனக்கென்னுங் தெரியும்? கேட்டவிங்களுக்குத் தெரியும்," என்று பழனிசாமி அவனை ஓரக்கண்ணால் பார்த்தான்.

நான் இரண்டு பேரையும் சந்தேகப்பட்டேன். கூடத்தில் இருந்த நாற்பது பேரும் தங்களைத் தவிர மற்றவர்களில் எழுபத்தொரு சதவீதத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பெரும்பான்மைக்குப் பிடித்ததை நாம் எதற்குக் கெடுக்கவேண்டும் என்று ஒவ்வொருவனும் பெருந்தன்மையாக இருந்தான். பிறகு போய்க் குழாயடியில் நிமிர்ந்து, "நல்லா இருந்தது மாமி" என்றான். எண்ணெய்ச் சட்டி தெறித்து மாமியின் முழங்கையில் கொப்புளம் போட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வேறு எதைச் சொல்வது?

ஃபேஸ்புக்கில் நிலைமை பிரமாதமாக இருந்தது. மஞ்சூரியன் படத்துக்கு "சூப்பர்", "யம்மி", "எப்ப ட்ரீட்?" என்று வந்தன. வட்டத்தில் பச்சை பெருகியது. சந்தீப் அதைக் காட்டக்காட்ட, கூடத்தில் தட்டுகள் குறைந்தன. ஒருவனுக்கு நைட் ஷிஃப்ட் வந்தது. ஒருவனுக்கு வயிறு சரியில்லை. ஒருவனுடைய சித்தப்பா திடீரென்று சிகந்திராபாதுக்கு மாற்றலாகி வந்து, தினமும் தன் வீட்டில் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தினார். செப்டம்பர் நடுவில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு இருபது பேர் வந்தால் அதிகம்.

"எல்லாருக்கும் ஒரே மாசத்துல நைட் ஷிஃப்டா?" என்றார் மாமா.

அன்று இரவு நான் கை கழுவும்போது ஜன்னலுக்கு உள்ளே பேச்சு காதில் விழுந்தது. குழாயை மூடிவிட்டுக் கழுவுவதுபோல நின்றேன்.

"ஏன்னா, நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்கோ. பழைய தளிகையும் பிடிக்கலை. புதுசும் பிடிக்கலை. அப்போ தப்பு மெனுல இல்லை. எனக்குக் கை போயிடுத்து."

"அப்படியெல்லாம் இல்லை, வேதா."

"ஆறு வருஷம் பண்ணியாச்சு. போறும். இந்த மாசக் கடைசியோட மூடிடலாம். ஹம்ஸினியும் மாப்பிள்ளையும் பெங்களூருக்கு வா வான்னு கூப்பிட்டுண்டே இருக்கா. போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன். பெருமாள் இத்தனை நாள் பண்ண வெச்சாரே, அதுக்கே நான் குடுத்து வெச்சிருக்கணும்."

பாத்திரம் துலக்குவதற்கு எடுத்து வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நான் "நல்லா இருந்தது மாமி" சொல்லாமல் வந்துவிட்டேன். அதைச் சொல்லிச் சொல்லித்தான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

மாதக் கடைசிக்கு ஒரு வாரம் இருக்கும்போது பந்த் வந்தது. அந்த வருஷம் தெலங்கானா போராட்டத்தில் பந்த் புதிதில்லை. ஆனால் இந்தத் தடவை பஸ்கள் ஏற்கெனவே நின்றிருந்தன, ஆட்டோவும் ஓடவில்லை. ஹப்சிகுடா நாற்சந்தியில் நாய்கள் நடுரோட்டில் படுத்திருந்தன. துரித உணவுக் கடை உட்பட எல்லா ஷட்டரும் இறங்கியிருந்தன. காலையிலிருந்து மழை வேறு, விட்டுவிட்டு. கரண்டும் இல்லை.

மதியம் எல்லோரும் வந்தார்கள். நைட் ஷிஃப்ட்காரர்கள், வயிறு சரியில்லாதவர்கள், சித்தப்பா வீட்டில் சாப்பிடுகிறவன், நாற்பது பேரும். கேட்டில் குடையை மடக்கிக்கொண்டு, மாமாவின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே நுழைந்தார்கள்.

காய்கறி வந்திருக்கவில்லை. காலிஃப்ளவர் இல்லை, பனீர் இல்லை. மாமி இருந்ததைக்கொண்டு சமைத்திருந்தாள். அரிசி இருந்தது, துவரம்பருப்பு இருந்தது, புளி இருந்தது. மே மாத வெயிலில் மொட்டைமாடியில் காயவைத்த சுண்டைக்காய் வத்தல் தகர டப்பாவில் இருந்தது. ஹைதராபாத் மே மாதத்தில் வத்தல் போட்டால் இரண்டே நாளில் கல்கல்லென்று காய்ந்துவிடும். அந்த ஒரு விஷயத்தில் மாமி இந்த ஊரைக் குறை சொல்லமாட்டாள்.

நல்லெண்ணெயில் வத்தல் பொரிகிற வாசனை கூடத்துக்கு வந்தபோது, பேசிக்கொண்டிருந்த நாற்பது பேரும் நிறுத்தினார்கள். மாமா வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இருட்டில் குழம்பின் நிறம் தெரியவில்லை, மேலே மிதந்த எண்ணெய் மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் மினுங்கியது. சுட்ட அப்பளம். பருப்புத் துவையல். அரைமணி நேரம் மழைச் சத்தமும் அப்பளம் உடைகிற சத்தமும்தான். வாளி மூன்று தரம் உள்ளே போய் வந்தது. நாலாவது தரம் மாமா வாளியைக் கவிழ்த்துக் காட்டினார்.

பழனிசாமி விரலை வழித்துக்கொண்டே கேட்டான்: "ஏனுங் மாமா, இத எதுக்குங் நிறுத்துனீங்க?"

"எதுக்கா? உங்களுக்கெல்லாம் பிடிக்கலைன்னுதான்."

"எனக்குங்களா? நானெங்கீங் சொன்னேன்?"

"எழுபத்தோரு பர்சென்ட் சொன்னேளே."

பழனிசாமி மேஜையைச் சுற்றிப் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கி, "நானு… இந்த ஆண்டனியாத்தான் இருக்கோணும்னு நெனச்சனுங். மீன் திங்கற ஆளு, கொழம்புல மீனக் காணோம்னு எழுதியிருப்பான்னு."

"ஏலே!" ஆண்டனி பாதி எழுந்துவிட்டான். "நானா எழுதுனேன்? நான் நீயின்னுல்லா நெனச்சிட்டிருக்கேன், ஒரு மாசமா! ஓங்கூட ஒழுங்காப் பேசக்கூட இல்ல!"

"அதுக்குத்தான் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தியா?"

"நீ மட்டும்?"

"சரி, அப்ப யார்தான் எழுதினேள்?" என்றார் மாமா. கூடத்தில் யாரும் கை தூக்கவில்லை.

"மாமா, எங்க ஆபீஸ்ல ஃபேஸ்புக் தொறக்கவே செய்யாது," என்றான் ஆண்டனி. "தட்டுனா சிவப்பா ஒரு பலகை வந்து நிக்கும், அனுமதி இல்லைன்னு. ரெண்டு தரம் தட்டுனா மேனேசருக்கு மெயில் போயிரும்."

"எங்களுதுலயும் அப்படித்தானுங்."

"எங்க ஆபீஸ்லயும்," என்று நாலா பக்கத்திலிருந்தும் வந்தது.

"ரூம்ல?"

"ரூம்ல தண்ணியே ஒருநாள் விட்டு ஒருநாள்தாம் மாமா வருது. நெட்டுக்கு எங்க போவ?"

மாமா மெதுவாகத் திரும்பினார். "சந்தீப்."

சந்தீப் மாடிக்குப் போய், பைண்ட் செய்த ப்ராஜெக்ட் அறிக்கையோடு வந்தான். கரண்ட் இல்லாததால் ஜன்னலோரம் நின்று பிரித்தார்கள்.

"மொத்தம் எத்தனை பேர் எழுதியிருக்கா?"

"செவன்டீன்."

"பதினேழா! பதினேழு ஆயிரமா, பதினேழா?"

"பதினேழு. அதுல பன்னெண்டு நெகட்டிவ்."

"பன்னெண்டு பேர்." மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இதோ, முதல் பேர். ஸ்ரேயா. யாரு?"

"என் கிளாஸ்மேட்."

"இங்கே வந்து சாப்பிட்டிருக்காளா?"

"நை."

"அடுத்தது?"

"கிளாஸ்மேட்."

"இது?"

"கிளாஸ்மேட்டோட தங்கை. இவன் கிளாஸ்மேட். இவன் வைசாக்."

"வைசாக்லேர்ந்து இங்கே சாப்பிட வரானா?"

"எதுக்கு வருவான் அப்பா? ஃப்ரெண்டு. பேஜுக்கு ஆள் வேணும்னு நான்தான் எல்லாரையும் எழுதச் சொன்னேன்."

"சாப்பிடாமலே எப்படிடா பிடிக்கலைன்னா?"

சந்தீப் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். ட்யூப்லைட்டுக்குக் கீழே செல்போனில் எடுத்த வத்தக்குழம்பு. நான் எட்டிப் பார்த்தேன். லாரியிலிருந்து வடித்த ஆயில் மாதிரி இருந்தது. அதைப் பார்த்து ஐந்து பேர் பிடித்திருக்கிறது என்று சொன்னதுதான் ஆச்சரியம்.

"அந்த அஞ்சு பேர் யாரு?" என்று மாமாவுக்கும் அதே சந்தேகம் வந்திருந்தது.

"ஹம்ஸினி அக்கா. அத்திம்பேர். அத்திம்பேரோட தம்பி. இன்னும் ரெண்டு பேர் அக்காவோட ஆபீஸ்."

மாமா அறிக்கையை மூடி மேஜைமேல் வைத்தார்.

"ஃபேக்டரில புதுசா சேர்ற பசங்களுக்கு நான்தான் சொல்லித் தரேன். மேல் தட்டுலேர்ந்து மட்டும் எடுக்காதே, நடுவுல எடு, அடியிலேர்ந்து எடுன்னு. நான் என்ன பண்ணியிருக்கேன் பாருங்கோ. வேற யாரோ ஃபேக்டரிப் பெட்டியிலேர்ந்து பீஸை எடுத்துச் சோதிச்சுட்டு, நம்மாத்துப் பெட்டி மேல செவப்பு ஸ்டிக்கரை ஒட்டியிருக்கேன். அதுவும் ஆத்துக்காரி தளிகை மேல."

யாருக்கும் சிரிக்க வரவில்லை. சந்தீப்புக்குக் கண் கலங்கிவிட்டது. எம்.பி.ஏ. படிப்பவன் நாற்பது பேர் முன்னால் அழுவதைப் பார்க்கக்கூடாது என்று எல்லோரும் தட்டைப் பார்த்தோம். தட்டில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அவ்வளவு சுத்தமாக வழித்திருந்தோம்.

பழனிசாமிதான் ஆரம்பித்தான். "மாமா, உடுங்க. இப்ப ரிசல்ட்டு தெரிஞ்சு போச்சுல்லங்க? நாப்பது பேரு, மூணு வாளி. நூத்துக்கு நூறு!"

"அதையும் நம்பாதே."

குரல் ஜன்னலிலிருந்து வரவில்லை. மாமி கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஈரக்கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, சமையலறை வாசற்படியைத் தாண்டி இந்தப் பக்கம். மெஸ் நடந்த ஆறு வருஷத்தில் மாமியை முழு உருவமாக அப்போதுதான் பார்த்தோம். நினைத்ததைவிடக் குள்ளம்.

"பந்த் அன்னிக்குக் கல்லை வேகவெச்சுப் போட்டாலும் மூணு தரம் வாங்கிச் சாப்பிடுவேள். வெளியில ஒரு கடை இல்லை. இதுலேர்ந்து எனக்கு என்ன தெரியும்?"

"அம்மா, சாரி மா…" என்றான் சந்தீப். தெலுங்கும் இந்தியும் கலக்காமல் அவன் தமிழில் பேசியது எல்லோருக்கும் கேட்டது. "நான் உனக்கு நல்லது பண்ணணும்னுதான்…"

"தெரியும்டா கண்ணா. நீ பெட்டியில பார்த்ததை நம்பினே. நான் ஜன்னல்ல கேட்டதை நம்பினேன். எனக்கும் என்ன தெரிஞ்சுது? ரோனா நக்கோ, போ, மூஞ்சியை அலம்பிண்டு வா." பையனை அழாதே என்று சொல்ல மாமிக்கு அவனுடைய ஊர்ப் பேச்சுதான் வந்தது. பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "இப்போ நேரா கேக்கறேன். நான் கதவை மூடறதா வேண்டாமான்னு நீங்க சொல்றதுல இருக்கு. என் தளிகைல என்ன குறை?"

மூடுகிற விஷயம் என்னையும் மாமாவையும் தவிர யாருக்கும் தெரியாது.

"மூடறதா? ஐயோ, ஒரு குறையும் இல்ல மாமி," என்று ஒரு குரல்.

"எல்லாமே நல்லா இருக்கு மாமி."

"சூப்பர் மாமி."

மாமியின் முகம் விழுந்தது. இந்தக் கூட்டத்தின் நன்றியைச் சட்டியில் போட்டுச் சுரண்டினால்கூட அடியில் ஒரு உண்மை கிடைக்காது போலிருந்தது. விடுதியிலிருந்து மீட்டவள், காய்ச்சலில் கிடந்தவனுக்கு மிளகு ரசம் கொடுத்தனுப்பியவள், தீபாவளிக்கு ஊருக்குப் போகமுடியாதவர்களுக்கு லேகியம் கிளறியவள். அவளைக் குறை சொல்ல யாருக்கு நாக்கு புரளும்? மாமி திரும்பி உள்ளே போகப்போனாள்.

"மாமி." ஆண்டனி எழுந்து நின்றான். எச்சில் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். "ஒண்ணு சொல்லுதேன். கோவிச்சுக்கிடாதிய."

"சொல்லுங்கோ."

"ஒங்க மோர்க்குழம்புல புளிப்பு காணாது."

பழனிசாமி ஆண்டனியின் சட்டையைப் பிடித்து இழுத்தான். மாமா, "என்ன?" என்றார்.

மாமி ஒரு அடி முன்னால் வந்தாள். "காணாதா? எவ்வளவு காணாது?"

"நெறைய காணாது மாமி. மொத நாளு நான் அதை அவியல்னு நெனச்சிட்டேன்."

"அப்புறம்?"

"தேங்கா கூட. மோரு தெரியல்ல."

மாமி யோசித்தாள். "தயிர் அன்னன்னிக்குத் தோய்ச்சதுதான் போடறேன். புளிக்க விட்டா உங்களுக்கெல்லாம் ஒத்துக்காதோன்னு." பிறகு சட்டென்று பழனிசாமியைப் பார்த்தாள். "உங்களுக்கு?"

பழனிசாமி ஆண்டனியின் சட்டையை விட்டான். "பீன்ஸ் பொரியலுங். வாரத்துல நாலு நாளுங். எங்கம்மாவே போடமாட்டாங்க."

"அந்த நூடுல்ஸு, மாமி," என்றது ஒரு குரல் கோடியிலிருந்து. "அதுல பெருங்காயம் வேண்டாம்."

"நூடுல்ஸே வேண்டாம்!"

"எனக்கு நூடுல்ஸ் வேணும், மாசத்துல ஒருநாள்."

"இட்லி புதன்கிழமை மட்டும் கல்லு மாதிரி இருக்கு மாமி. ஏன் புதன்கிழமை மட்டும்?"

"காபி தண்ணி. நாலு வருஷமா சொல்லணும்னு."

நான் சொன்னேன், ரசத்தில் சில நாள் பெருங்காயக் கட்டி கரையாமல் வாயில் வருகிறது என்று. சொல்லி முடித்ததும் எனக்கே பயமாக இருந்தது. மாமி, "எனக்கே தெரியும், கட்டிப் பெருங்காயம், ஊறப் போடறதுக்கு நேரமில்லாமல் போயிடறது," என்றாள். மூலைக்கு மூலை குறை கிளம்பியது. ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, காரம் கூட என்றவன் பக்கத்திலேயே காரம் போதாதென்றவன் உட்கார்ந்திருந்தான். வட்டமாகப் படம் போட்டால் நாற்பது நிறம் வேண்டியிருக்கும். மாமி ஒவ்வொருவனுக்காகத் திரும்பித் திரும்பி, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். ஜன்னலுக்குள் நல்லா இருந்தது, நல்லா இருந்தது என்று நாங்கள் சொன்ன எந்த நாளிலும் அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சம் பார்த்ததில்லை.

குறைகள் ஓய்ந்தபோது மழையும் கொஞ்சம் ஓய்ந்திருந்தது.

மாமா தொண்டையைச் செருமினார். "வேதா… மாசக் கடைசின்னு சொன்னியே?"

"பக்கத்தாத்துல புளிச்ச மோர் இருக்கான்னு கேட்டுண்டு வாங்கோ," என்றாள் மாமி. "நாளைக்கும் காய் வராது. மோர்க்குழம்பு பண்ணிடறேன்."

மறுநாள் மோர்க்குழம்பில் ஒரு வாய் வைத்ததும் நாற்பது பேருக்கும் ஒரு கண் தானாக மூடியது. அவ்வளவு புளிப்பு. இந்தத் தடவை பரிமாறியது மாமி. அடுப்பைச் சந்தீப் பார்த்துக்கொண்டிருந்தான், உள்ளேயிருந்து அடிக்கடி, "அம்மா, ஆஃப் சேயாலா? அணைச்சிடட்டுமா?" என்று சத்தம் வந்தது. மாமி வாளியோடு ஆண்டனி முன்னால் நின்றாள். அவன் இன்னொரு வாய் எடுத்து, நிதானமாக மென்று, கூரையைப் பார்த்தான்.

"புளிப்பு சரி மாமி," என்றான். "உப்பு லேசா ஏறிட்டு."

மாமி கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள்.

"ஆமாண்டா ஆண்டனி," என்றாள். "ஏறித்தான் போயிடுத்து."